வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் அர்ச்சின் வளர்ப்பு: முழுமையான வழிகாட்டி

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் கடல் முள்ளெலியை, அதாவது நாம் கடையில் கேட்டு வாங்குகிற அர்ச்சினை, வாங்குவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பாறையெல்லாம் பாசி. "ஒரு அர்ச்சின் போடுங்க சார், கொஞ்ச நாள்ல சுத்தமாயிடும்" என்பார் கடைக்காரர். சுத்தமாகிவிடும், அதில் பொய் இல்லை. ஆனால் பாசி தீர்ந்த நாளிலிருந்து அந்த உயிருக்குப் பட்டினி என்பதை அவர் சொல்ல மாட்டார். உடம்புக்குள் சேர்த்து வைத்திருப்பதைக் கரைத்துக்கொண்டு சில மாதம் ஊர்ந்துகொண்டிருக்கும், அப்புறம் முட்கள் உதிர ஆரம்பிக்கும், நாமோ தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று குழம்பிக்கொண்டிருப்போம். நான் பார்த்தவரை வீட்டுத் தொட்டிகளில் அர்ச்சின் சாவதற்குப் பெரிய காரணங்கள் இரண்டு. ஒன்று பசி, இன்னொன்று உப்பின் ஏற்ற இறக்கம். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான்.

முதலில் எந்த இனம் என்று முடிவு செய்யுங்கள்

முதல் தடவை என்றால் டக்ஸிடோ அர்ச்சின்தான், ரெண்டாவது பேச்சுக்கே இடமில்லை. மெஸ்பிலியா குளோபுலஸ் என்பது அறிவியல் பெயர். இந்தோ-பசிபிக் கடல்களைச் சேர்ந்தது, ஓட்டின் குறுக்களவு 5 செ.மீ. பக்கம்தான் வரும், முட்கள் குட்டை, கையில் ஏறிப் புண்ணாக்கும் ரகமும் இல்லை. முள் வரிசைகளுக்கு நடுவே வெல்வெட் மாதிரி நீலப் பட்டைகள் இருக்கும், அங்கே நீண்ட முள் இருக்காது. புதிதாக வாங்குகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு முள் கொட்டிப்போச்சு என்று பதறுவது வழக்கம். அது அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

கருப்பு நீளமுள் அர்ச்சின், அதாவது டயடீமா, பார்க்க அழகு. மன்னார் வளைகுடாவில் பாறை இடுக்குகளில் இருப்பது டயடீமா செட்டோசம். முட்கள் 30 செ.மீ. வரை வளரக்கூடியவை, நிழல் விழுந்தாலே அந்தப் பக்கம் முள்ளைத் திருப்பும், நீங்கள் கையை விட்டு வேலை செய்கிற தொட்டியில் இது நிம்மதியாக இருக்க விடாது. பாசி மேய்வதில் மட்டும் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1983-ல் கரீபியன் கடலில் இதன் உறவினமான டயடீமா அண்டில்லாரம் நோய் வந்து 90 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோனது, அதற்குப்பின் அங்கே பல பவளப்பாறைகளைப் பாசி மூடிவிட்டது. 2022-ல் மறுபடியும் ஒரு கொள்ளை வந்தது, அதற்குக் காரணம் ஒரு நுண்ணிய ஒருசெல் ஒட்டுண்ணி என்று அடுத்த ஆண்டே கண்டுபிடித்தார்கள். 400, 500 லிட்டர் தொட்டி, பெரிய பாறை அமைப்பு, குழந்தைகள் கை விட முடியாத உயரம், இத்தனையும் இருந்தால் டயடீமாவை யோசியுங்கள்.

ட்ரிப்நியூஸ்டஸ் கிராட்டில்லா 15 செ.மீ. வரை போகும், தின்னும் வேகமும் அதற்கேற்ற மாதிரி. ஹவாயில் கனேயோஹே விரிகுடாவை மூடிய அந்நியக் கடற்பாசியைக் கட்டுப்படுத்த இந்த இனத்தைத்தான் பண்ணையில் வளர்த்து 2011 முதல் கடலில் விடுகிறார்கள். அங்கே தொல்லை கொடுக்கிற பாசிகளில் ஒன்று கப்பாஃபைகஸ், நம் ராமநாதபுரம் கரையில் மிதவை கட்டி வளர்க்கிற அதே வகை. ஒரு விரிகுடாவுக்கே ஆள் போட்ட மாதிரி வேலை செய்கிற பிராணியை 150 லிட்டர் தொட்டியில் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பென்சில் அர்ச்சின் தடித்த முள்ளோடு வேடிக்கையாக இருக்கும், ஆனால் பாசியைவிடக் கடற்பஞ்சு மாதிரி அசையாத உயிர்களில்தான் அதற்கு ஆர்வம், பவளத்தையும் விட்டுவைக்காது. எக்கினோமெட்ரா பாறையைக் குடைந்து குழி பறித்து உட்கார்ந்துகொள்ளும். பூ அர்ச்சினும் நெருப்பு அர்ச்சினும் விஷமுள்ளவை. எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

கடற்கரைக்குப் போய் நாமே பிடித்துக்கொண்டு வந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா, அதற்குள் எதையும் எடுக்கக் கூடாது. அர்ச்சினோடு சேர்த்து ஒரு பவளத் துண்டை எடுத்தாலும் சிக்கல், பாறை கட்டும் பவளங்கள் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடையிலேயே வாங்குங்கள், எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

தொட்டி

ஒரு டக்ஸிடோவுக்கு 120 லிட்டர் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் தொட்டியில் இடம் போதாது என்பதைவிட மேய்ச்சல் போதாது என்பதுதான் பிரச்சனை. தொட்டி ஓட ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். பாறையில் பச்சை, பழுப்பு, இளஞ்சிவப்பு என்று ஏதோ ஒரு பாசிப்படலம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பளிச்சென்று வெள்ளைப் பாறையோடு போன மாதம் வைத்த தொட்டியில் அர்ச்சினை விடுவது சாப்பாடு இல்லாத வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிடுவதுதான்.

பாறைகளைத் தொட்டியின் அடித்தளத்திலேயே உட்கார வைத்து, பிறகு மணலைப் போடுங்கள். மணல் மேல் அடுக்கிய பாறை நாளடைவில் ஆட்டம் கொடுக்கும். டக்ஸிடோ சின்னதுதான், ஆனாலும் இடுக்கில் புகுந்து நெம்பிக்கொண்டு போகிற பழக்கம் உண்டு. பவளத் துண்டுகள் வைத்திருந்தால் சயனோஅக்ரிலேட் ஜெல் பசையோ எபாக்ஸியோ போட்டு ஒட்டிவிடுங்கள். ஒட்டாமல் சும்மா வைத்த துண்டு மறுநாள் காலையில் அர்ச்சின் தலைமேல் ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும். சிப்பி, கல், பாசி என்று கிடைத்ததைத் தலையில் ஏற்றிக்கொள்வது அதன் குணம், கடும் வெளிச்சத்திலிருந்து தன்னை மறைத்துக்கொள்ள அது உதவுகிறது. நான்கைந்து காலிச் சிப்பிகளை மணலில் போட்டு வைத்தால் உங்கள் பவளங்கள் கொஞ்சம் தப்பிக்கும்.

ஹீட்டர் இருந்தால் அதற்குப் பிளாஸ்டிக் கூண்டு மாட்டுங்கள், ஏறி உட்கார்ந்து வெந்துபோக வாய்ப்பு உண்டு. சென்னையில் ஹீட்டர் எதற்கு என்றால், சில்லர் வைத்திருப்பவர்களுக்கு அது கோளாறாகித் தண்ணீரை அளவுக்கு மீறிக் குளிர வைக்கும்போது தாங்கிப்பிடிக்க உதவும், மற்றபடி பலருக்குத் தேவையே இல்லை.

தண்ணீர்: இங்கேதான் பொறுமை வேண்டும்

மீனுக்குச் சிறுநீரகம் இருக்கிறது, செவுள் இருக்கிறது, உப்பு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்புக்குள் சரிசெய்துகொள்ளும். அர்ச்சினுக்கு அந்த வசதி கிடையாது. அதன் உடல் திரவத்தின் உப்பும் வெளியே இருக்கிற கடல்நீரின் உப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். நகர்வதும் ஒட்டுவதும் குழாய்க்கால்களால், அந்தக் கால்கள் நீர் அழுத்தத்தில் இயங்குகின்றன, அந்த நீர் மண்டலம் ஓட்டின் உச்சியில் இருக்கிற ஒரு சல்லடைத் தட்டு வழியாக வெளிக்கடலோடு தொடர்பில் இருக்கிறது. அதனால் தொட்டியில் உப்பு திடீரென்று மாறினால் அது நேராக உடம்புக்குள் மாறுகிறது.

அளவுகள்: ஒப்படர்த்தி (தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) 1.025 முதல் 1.026, வெப்பம் 24 முதல் 26 டிகிரி, பி.எச். 8.1 முதல் 8.4, காரத்தன்மை 8 முதல் 10 டி.கே.எச்., கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம்., மக்னீசியம் 1250-க்கு மேல். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் 10, 15 பி.பி.எம். இருந்தால் ஒன்றும் குடிமுழுகாது, பாசி கொஞ்சம் வளர அது தேவைதான். ஓடும் முட்களும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை, அதில் மக்னீசியமும் கணிசமாகக் கலந்திருக்கும், ஆகவே இந்த இரண்டும் தொடர்ந்து குறைவாக இருந்தால் வளர்ச்சி நின்றுவிடும்.

உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) சரிபார்ப்புத் திரவத்தை வைத்து அவ்வப்போது சரிசெய்யுங்கள். அளவு காட்டும் முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பி அர்ச்சின் வளர்க்கக் கூடாது என்பது என் கட்சி.

குழாய்த் தண்ணீரில் குளோரின், போர் தண்ணீரில் எக்கச்சக்க டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்புகள், கேன் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது ஒவ்வொரு கேனுக்கும் ஒரு கதை. ஆர்.ஓ.-வோடு, மிச்ச அயனிகளை நீக்குகிற டி.ஐ. குடுவையும் சேர்ந்த வடிகட்டியில் டி.டி.எஸ். பூஜ்யத்துக்கு வந்த தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும். அதில் கடல்நீர்த் தொட்டிக்கென்றே விற்கிற உப்பை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் போட்டு, ஒரு பம்ப்பை ஓடவிட்டு, மறுநாள் அளந்துவிட்டுச் சேருங்கள். கல் உப்பில் கால்சியம், காரத்தன்மை எதுவும் தேவையான அளவில் இருக்காது, சமையல் உப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஈ.சி.ஆர். பக்கம் போய்க் கடல்தண்ணீர் எடுத்து வருபவர்கள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கட்டாயம் நிறுத்திவிடுங்கள். ஆற்று நீரும் மழை நீரும் கலந்து கரையோரத் தண்ணீரின் உப்பு அப்போது நன்றாக இறங்கிவிடும், ஊர் அழுக்கு முழுவதும் வேறு அதில் வரும்.

செம்பு, இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மிகச் சிறிய அளவு செம்பு கூட அர்ச்சினைக் கொன்றுவிடும். தண்ணீர் மாற்றும்போது கைக்குக் கிடைத்த செம்புக் குடத்தையோ பித்தளை அண்டாவையோ எடுத்துவிடாதீர்கள், வீட்டில் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள், உதவி செய்கிறேன் என்று அவர்கள் எடுக்கக்கூடும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் போடுகிற மருந்துகளில் பலவற்றில் செம்பு இருக்கிறது, ஆகவே நோய்ப்பட்ட மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம். உப்பைக் குறைத்துச் செய்கிற வைத்தியமும் அர்ச்சின் இருக்கிற தொட்டியில் ஆகாது. கொசுவுக்கு அடிக்கிற ஸ்பிரேயும் அதே கணக்குதான். அவற்றிலுள்ள பைரித்ராய்டு மருந்துகள் நீர்வாழ் உயிர்களுக்குக் கொடிய விஷம், அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிற ஏர் பம்ப் அதையும் சேர்த்தே உள்ளே அனுப்பும்.

வெயில் காலம் நம் ஊரில் பெரிய பாடு. தண்ணீர் 28-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் அர்ச்சின் சோர்ந்துவிடும். மேலே சின்ன ஃபேன் மாட்டினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் ஆவியாதல் கூடும். ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும், ஆகவே ஒரே நாளில் ஒப்படர்த்தி ஏறிவிடும். ஃபேன் போடுகிறவர்கள் தானாக நன்னீர் நிரப்புகிற கருவியையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும், இது இல்லாமல் அது வேண்டாம். பெரிய தொட்டி என்றால் சில்லர்தான் தீர்வு, கரண்ட் பில்லைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் கையில் இருக்கட்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, இன்வெர்ட்டர் அத்தனை நேரம் தாங்காது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முட்கள் நிமிர்ந்து இருக்க வேண்டும், விரலைத் தண்ணீருக்குள் அருகில் கொண்டுபோனால் அசைய வேண்டும். குழாய்க்கால்கள் நீண்டு வெளியே தெரிய வேண்டும். கண்ணாடியிலோ பாறையிலோ கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். கடைக்காரரிடம் மெதுவாகத் தலைகீழாகப் புரட்டி வைக்கச் சொல்லுங்கள், நல்ல அர்ச்சின் சில நிமிடங்களில் தானே நிமிர்ந்துவிடும். அடியில் வாயைச் சுற்றி ஓட்டை, வெளுப்பு, திட்டுத் திட்டாக முள் இல்லாத இடம் இருந்தால் வேண்டாம். நேற்று வந்த சரக்கு என்றால் ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள், அதற்குள் வேறு யாராவது வாங்கிப் போனால் போகட்டும்.

கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து எடுக்கவே கூடாது. கால்கள் அறுந்து கண்ணாடியிலேயே தங்கிவிடும். விளிம்பில் மெதுவாக நெருக்கி, பிடி தளர்ந்ததும் தண்ணீருக்கு அடியிலேயே ஒரு டப்பாவுக்குள் தள்ளி எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும்

உள்ளூர்க் கடையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது என்றால் வழி சுலபம். பையை 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பின்பு அந்தத் தண்ணீரோடு சேர்த்து ஒரு பக்கெட்டில் ஊற்றி, தொட்டியிலிருந்து ஏர் பம்ப் குழாய் ஒன்றில் முடிச்சுப் போட்டு நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக விடுங்கள். தண்ணீர் மூன்று மடங்காகிற வரை, அதாவது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பக்கெட்டிலும் தொட்டியிலும் உப்பு ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

கூரியரில் ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து வந்த பை என்றால் கதை வேறு. உள்ளே அம்மோனியா சேர்ந்திருக்கும், ஆனால் கரியமில வாயுவும் சேர்ந்து பி.எச். இறங்கியிருப்பதால் அது அவ்வளவாகத் தாக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அப்போது அதே அம்மோனியா பல மடங்கு விஷமாகும். அந்தத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறப்போடுவது நல்லதல்ல. பையைத் திறந்தவுடன் உப்பை அளந்து, அதே உப்பு, அதே வெப்பத்தில் சுத்தமான தண்ணீரைத் தனிப் பாத்திரத்தில் தயார் செய்து அர்ச்சினை உடனே அதற்கு மாற்றுங்கள். அங்கிருந்து சில மணி நேரத்தில் மெதுவாக உப்பை உயர்த்தித் தொட்டி அளவுக்குக் கொண்டுவரலாம்.

விளக்கை அணைத்துவிட்டு, வாய் கீழே இருக்கும்படி பாறை அடிவாரத்தில் வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் இருந்தாலும் தொந்தரவு செய்யாதீர்கள்.

தீனி

அர்ச்சினின் வாய் அடியில் இருக்கிறது. உள்ளே ஐந்து பற்கள் கொண்ட ஒரு சுரண்டும் பொறி, கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் விவரித்ததால் அதற்கு அரிஸ்டாட்டிலின் விளக்கு என்றே பெயர். பற்கள் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும். பாறையிலோ கண்ணாடியிலோ குட்டி நட்சத்திரம் மாதிரி சுரண்டல் தடம் தெரிந்தால் ஆள் அந்த வழியாகப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

டக்ஸிடோ பாசிப்படலம், பச்சை முடிப்பாசி, இளஞ்சிவப்புக் கோரலின் பாசி எல்லாவற்றையும் மேயும். கோரலினை ஆசையாக வளர்ப்பவர்கள் இதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும், பிறகு வந்து புலம்பக் கூடாது. பாசி நிறைய இருக்கிற முதல் சில வாரம் நீங்கள் எதுவும் போட வேண்டியதில்லை. பாறை வெளுக்க ஆரம்பித்ததும் உங்கள் வேலை தொடங்குகிறது.

எளிதாகக் கிடைப்பது நோரித் தாள், சுஷி சுற்றுகிற அதே கடற்பாசித் தாள். எண்ணெய், உப்பு, மசாலா எதுவும் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். 5 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றை ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கல்லில் கட்டி, சாயங்காலம் விளக்கு மங்கும் நேரத்தில் அர்ச்சின் பக்கத்தில் வையுங்கள். அது கண்டுகொள்ளவில்லை என்றால் துண்டை நனைத்து முட்களின் மேலேயே வைத்துவிடுங்கள், குழாய்க்கால்கள் அதைப் பிடித்துக் கைமாற்றிக் கைமாற்றி வாய்க்குக் கொண்டுபோகும். முதல் தடவை இதைப் பார்க்கிறவர்கள் மொபைலை எடுக்காமல் இருந்ததில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இப்படிக் கொடுத்தால் போதும். மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடுங்கள், ஊறிக் கரைந்தால் பாஸ்பேட் ஏறும்.

நோரியோடு நிறுத்த வேண்டாம். ராமேஸ்வரம் பக்கம் கஞ்சிப்பாசி என்கிற கிராசிலேரியா கிடைத்தால் அருமை, காய்ந்தது என்றாலும் நன்னீரில் அலசி ஊறவைத்துக் கொடுக்கலாம். சம்ப்பில், அதாவது தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியில், கீட்டோமார்ஃபா என்கிற பச்சைப் பாசி வளர்ப்பவர்கள் ஒரு கைப்பிடி கிள்ளிப் போடலாம். மூழ்குகிற பாசி வில்லைகளும் தின்னும். மாதம் ஓரிரு முறை சின்ன இறால் துண்டு கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லாது.

சாப்பிடுகிறதா என்று தெரிந்துகொள்ள மணலைப் பாருங்கள். குட்டிக் குட்டி உருண்டைகளாகக் கழிவு விழுந்திருக்கும். உருண்டைகள் குறைந்துகொண்டே வந்து, பாறை முழுக்க வெள்ளையாகி, பகலிலும் கண்ணாடியில் அலைந்துகொண்டிருந்தால் பசி என்று வைத்துக்கொள்ளலாம். டயடீமாவில் நீண்ட பட்டினியில் ஓடே சிறுத்துப்போவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முள் உதிர்கிற வரை காத்திருந்து அப்புறம் நோரி வாங்க ஓடுவதில் பிரயோஜனம் இல்லை.

கூட யார் இருக்கலாம்

கோமாளி மீன், கோபி, சின்ன டாங் வகைகள், நத்தைகள் எல்லாம் பிரச்சனை இல்லை. கிளாத்தி மீன் இருக்கிற தொட்டியில் அர்ச்சின் விடுவது அதற்கு விருந்து வைப்பதுதான், கடலிலேயே அதன் தீனி இதுதானே. பேத்தை மீன், பெரிய ராஸ் வகைகள், பெரிய துறவி நண்டு, இவையும் வேண்டாம். இன்னொரு அர்ச்சின் சேர்க்கலாமா என்றால், முதல் ஒன்றுக்கே நீங்கள் நோரி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்னும்போது எதற்கு?

முள் உதிர்ந்தால்

ஒன்றிரண்டு உதிர்வது சகஜம், மறுபடி முளைக்கும். கொத்தாக உதிர்ந்தால் முதலில் உப்பையும் வெப்பத்தையும் அளங்கள், பிறகு அம்மோனியா, பிறகு காரத்தன்மை. கடைசியாக எப்போது வயிறார மேய்ந்தது என்று யோசியுங்கள். உப்பு தவறியிருந்தால் ஒரே மூச்சில் சரிசெய்யாமல் ஓரிரு நாளில் மெதுவாகக் கொண்டுவாருங்கள். வழுக்கைத் திட்டு பச்சையாகவோ கருஞ்சிவப்பாகவோ புண் மாதிரி மாறிப் பரவினால் அது பாக்டீரியா தொற்று, வீட்டில் நம்பிச் செய்யக்கூடிய மருந்து என்று எதுவும் கிடையாது. தனித் தொட்டிக்கு மாற்றிச் சுத்தமான தண்ணீரில் வைப்பது ஒன்றுதான் வழி, சில பிழைக்கும்.

தொட்டி திடீரென்று பால் மாதிரி கலங்கி, அர்ச்சின் உச்சியிலிருந்து புகைபோல ஏதோ வந்துகொண்டிருந்தால் அது விந்தையோ முட்டையையோ விடுகிறது, சாகவில்லை. நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கிற ஸ்கிம்மரை நன்றாக ஓடவிட்டு, வடிகட்டியில் கார்பன் போட்டு, 20 சதவீதம் தண்ணீர் மாற்றினால் சரியாகிவிடும்.

முட்கள் எல்லாம் சாய்ந்து, தொட்டாலும் அசையாமல், குழாய்க்கால் ஒன்றுகூட நீளவில்லை என்றால் எடுத்து முகர்ந்து பாருங்கள். செத்த அர்ச்சினின் நாற்றம் சந்தேகத்துக்கு இடம் வைக்காது. அதை ஒரு இரவு உள்ளேயே விட்டால் சின்னத் தொட்டியில் அம்மோனியா ஏறி மற்ற உயிர்களும் போகும்.

கையில் குத்திவிட்டால்

டக்ஸிடோவால் பெரிதாக எதுவும் ஆகாது. டயடீமா வைத்திருப்பவர்களுக்குத்தான் இது, ரப்பர் கையுறையை அதன் முள் சாதாரணமாகத் துளைத்துவிடும். முள் உள்ளே போய் முறியும், அந்த இடம் கருநீலமாகும். தாங்குகிற சூட்டில், அதாவது 40 முதல் 45 டிகிரிக்குள், வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை கையை வைத்திருந்தால் வலி குறையும். குத்திய கை மரத்திருக்கும், சூட்டை மற்றக் கையால் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற முள்ளைச் சாமணத்தால் எடுங்கள், ஊசியை விட்டுத் தோண்டாதீர்கள், அது இன்னும் துண்டு துண்டாக உடையும். மேலோட்டமாகத் தங்கிய துண்டுகளை வினிகரில் ஊறவைத்தால் கரைய வாய்ப்பு உண்டு, கால்சியம் கார்பனேட்தானே. விரல் மூட்டில் ஆழமாகக் குத்தியிருந்தாலோ, வீக்கமும் காய்ச்சலும் வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், குத்தியது என்ன என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.